சைக்கிள் டியூப்பைக் கண்டுபிடித்தவன்

நான் பொய்க் கையெழுத்துப் போட்டவன். எனக்குச் சோறு போட்ட பட்டறை அதனால் மூடிப்போனது. உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

எட்டாவதோடு படிப்பு நின்றது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று பட்டறை பட்டறையாக மாறிக்கொண்டே இருப்பேன். 'டெம்போ' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முழுப்பெயர் யாருக்கும் தெரியாது. திருமழிசையில் ஸ்டீபன் அண்ணனிடம் மட்டும் மூன்று வருஷம் தங்கினேன். அவரிடம் இருந்தது இரும்பு கடையும் லேத் இரண்டே இரண்டு. எனக்குப் படுக்க இடமில்லாதபோது பட்டறைச் சாவியையே கையில் கொடுத்தவர் அவர்.

லேத்தில் நீளமான இரும்புக் கம்பி சுழலும்போது பின்முனை ஆடிக் கடகடக்கும். பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி அந்த முனையில் சுற்றிச் செருகினால் ஆட்டம் நிற்கும். முதலில் செய்தது யார்? யாருக்குத் தெரியும்! கால் இடறினால் சுவரைப் பிடிப்போமே, அப்படி ஒரு காரியம். நான் அண்ணனைப் பார்த்துக் கற்றேன்.

பிறகு வழக்கம்போலக் கிளம்பிவிட்டேன். அம்பத்தூரில் ஒரு பெரிய கம்பெனி. அங்கும் கம்பி ஆடியது, டியூப்பைச் சுற்றினேன். முதலாளி வந்து பார்த்தார்.

"யார்றா சொல்லிக் குடுத்தது?"

"நானேதான் சார்."

ஏன் அப்படிச் சொன்னேன்?... இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

சில மாதம் கழித்து, காப்புரிமை கேட்கும் விண்ணப்பம் என்று ஒரு காகிதம் நீட்டினார்கள். டியூப்புக்கு அதில் 'அதிர்வு தணிக்கும் நெகிழ்வளையம்' என்று பெயர்! உரிமை கம்பெனிக்கு, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் முழுப்பெயர். இதற்கு முன் எங்கும் கண்டதில்லை என்று எழுதியிருந்ததை முதலாளியே படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். சூப்பர்வைசர் ஆனேன். முதல்முறையாக என்னை ஒருவன் 'சார்' என்றான்.

காப்புரிமை கிடைத்ததும் சின்னப் பட்டறைகளாகப் பார்த்து நோட்டீஸ் போனது. எங்கள் வளையத்தைத் திருடினாய், நஷ்டஈடு கொடு, இல்லாவிட்டால் வழக்கு. அந்தப் பட்டறைக்கு ஆர்டர் கொடுப்பவருக்கும் ஒரு நகல். வழக்கில் ஜெயிக்க வேண்டியதே இல்லை, தெரியுமா? அந்த நகல் போதும். ஆர்டர் நின்றுவிடும்.

ஸ்டீபன் அண்ணனுக்கும் வந்தது. மேனாம்பேட்டில் என் அறையைத் தேடிக்கொண்டு வந்தார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

"டெம்போ, வக்கீல் இன்னா சொல்றாரு தெரியுமா? அவனுங்களுக்கு முன்னாடியே நாம டியூப் சுத்திக்கினு இருந்தோம்னு தேதியோட ஒரு போட்டோ காட்னா போதுமாம். கேஸே நிக்காதாம். அந்த ஆயுத பூஜைக்கு நீதான போட்டோ புட்ச்சே? அது இன்னும் உன்கிட்ட கீதா?"

இருந்தது! மாலை போட்ட மெஷின், சந்தனப் பொட்டு, பின்னால் கறுப்பாய் டியூப். ஓரமாக நின்று ஜெபம் முடித்துவிட்டுப் பொரி தின்னும் அண்ணன். எல்லாம் என் சட்டைப் பையில் இருந்த போனில். கொடுத்தால் காப்புரிமை போகும், என் பொய் வெளியே வரும், வேலை போகும்... இவ்வளவுதான் யோசித்தேன்.

"அந்தப் போன் தொலைஞ்சி பூட்ச்சிண்ணே."

"சர்தான். ஒருநாள் உன் தலையவே எங்கனா உட்டுட்டு வரப்போற பாரு!" என்று சிரித்தார்.

மற்ற பட்டறைக்காரர்கள் சாட்சிக்கு வரவில்லை; தங்களுக்கும் நோட்டீஸ் வருமே என்ற பயம். அண்ணன் இரண்டு லேத்தையும் விற்றார்.

காப்புரிமை கொடுத்தவர்கள் ஒரு நாள் பஸ் ஏறி வந்து நாலு பட்டறையைப் பார்த்திருக்கக் கூடாதா? சின்னவன் எழுந்து நின்று 'இது பொய்' என்று சொல்லச் செலவில்லாத வழி ஒன்று இருக்கக் கூடாதா? சட்டம் மாறத்தான் வேண்டும். கத்தத் தோன்றுகிறது. ஆனால் படம் சட்டத்திடமா இருந்தது? என்னிடம் இருந்தது! இப்போதும் இருக்கிறது. நோட்டீஸும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

போன மாதம் திருமழிசை பஸ் ஸ்டாப்பில் அண்ணனைப் பார்த்தேன். இப்போது யாரோ ஒருவருடைய கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறார்.

"சாப்ட்டியாடா? மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்றார். பிறகு அவராகவே, "இன்னும் அதையே நென்ச்சிக்கினு கீறியா? போன் யாருக்குத்தான் தொலையல? உம்மேல எனக்கு ஒண்ணும் இல்லடா" என்று தோளைத் தட்டினார்.

தலையாட்டினேன். பஸ் வந்தது. இருவருக்கும் அதே பஸ்தான். அவரை ஏறச் சொல்லிவிட்டு நான் கீழேயே நின்றுவிட்டேன்.