பாண்டியா, மலையாளத்தானா?

எங்கள் ஊர் எருத்தேன்பதி, எல்லையை ஒட்டிய கேரளக் கிராமம். வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டு மலையாளத்தில். கல்லூரி நாட்களில் ஒரு ஞாயிறு, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுக்கு வாலிபால் ஆடப் போனோம். மனிதன் ஏன் போர் செய்கிறான் என்று அப்போது வெறியோடு படித்துக்கொண்டிருந்தேன். கூட்டமாகப் பிழைத்த இனம், அயலானைக் கண்டால் கை தானாக முறுக்கிக்கொள்ளும் என்று வழியெல்லாம் நண்பர்களுக்கு வகுப்பெடுத்தேன்.

கடைசிப் புள்ளியில் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தகராறு.

"மலையாளத்தானுகளுக்குக் கண்ணு தெரியாது" என்றான் எதிரணியில் ஒருவன்.

அவ்வளவுதான். தோளோடு தோளாக நின்றுவிட்டோம். படித்ததெல்லாம் எங்கே போனதோ, என் கையில் ஒரு மூங்கில் கம்பு. அவன் மண்டையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் செந்தில் நடுவே வந்தான். "ஏனுங்க, போன வாரம் எங்க பக்கத்துச் சித்தூருல, தமிழ் பேசறோம்னு மலையாளத்துப் பசங்க எங்களைப் பாண்டின்னானுக. இன்னைக்கு நீங்க மலையாளத்தான்ங்கறீங்க. நாங்க யாருன்னு மொதல்ல பேசி முடிவு பண்ணுங்க, அப்பறம் அடிச்சுக்கலாம்."

அவர்கள் கேப்டன் சிரித்துவிட்டான். "எங்க மாமன் பேசறாப்பலயே இருக்குதுங்க. பந்தை எடுங்க, மறுக்கா ஆடலாம்."

தோற்றுத்தான் திரும்பினோம். இன்று எங்கள் அணியில் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். அந்த நாளை நினைத்தால், கம்போடு நண்பர்களின் தோள் உரச நின்ற சில நிமிடங்கள்தான் இன்னும் இனிக்கின்றன. அவ்வளவு நெருக்கமாக நான் யாரோடும் நின்றதில்லை. போர் வெறுப்பிலிருந்து பிறக்கிறது என்று யாராவது சொன்னால், ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.