பொம்மைக்குச் செதுக்கிய கால்

சித்தப்பா இருந்தார். அம்மா இருந்தாள். நான் இருந்தேன். அப்பா மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போயிருந்தார். சாக்கின் மேல் பொம்மை கிடந்தது. அதற்குத் தலையும் உடம்பும் மட்டும்தான். கையும் காலும் இல்லை.

சித்தப்பா பள்ளிக்கூடங்களில் நிகழ்ச்சி நடத்துவார். உதட்டை அசைக்காமல் இவர் பேச, பொம்மை பேசுவதுபோல் இருக்கும். பழைய பொம்மை ஒன்றை யாரிடமோ மலிவாக வாங்கி வந்திருந்தார். அம்மா கல்வராயன் மலையில் பிறந்தவள். கத்தி பிடித்தால் மரம் அவள் சொன்னபடி கேட்கும். அதனால் வேலை அவளிடம் வந்தது.

கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கினாள். அளவுக்கு என் கையையும் காலையும் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். எனக்கு இடது கால் சுண்டுவிரல் கோணல். மலையில் மாமா வீட்டில் கல் உருண்டு நசுங்கியது. அதையும் அப்படியே செதுக்கினாள்.

"விரலெல்லாம் எதுக்கு அண்ணி? நான் ஷூ மாட்டிடுவேன்."

"ஷூவுக்குள்ள விரலு வாணாமா?"

துணியில் குழாய்போல் தைத்து, சாமை உமியை அடைத்து, ஒரு முனையில் கட்டையையும் மறுமுனையை உடம்பிலும் கற்றாழை நாரால் கட்டினாள். தூக்கினால் முழங்கால் தானாக மடங்கியது. நான் சிரித்தேன்.

அடுத்த வாரம் சங்கராபுரத்தில் என் பள்ளிக்கூடத்திலேயே நிகழ்ச்சி. சித்தப்பா ஷூ மாட்டவில்லை. பொம்மையின் காலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

"இன்னாடா, காலு இப்படி இருக்குது?"

"நாங்க மலைக்காரங்க சார். அங்க செருப்பு இன்னா கொடியிலயா காய்க்குது?"

"ஒங்க ஆத்தா வாங்கித் தரலியா?"

"எங்க ஆத்தாகிட்ட செருப்பக் குடுத்தா கொழம்பு வச்சிடும் சார்!"

பள்ளிக்கூடமே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். பக்கத்தில் இருந்தவள் குனிந்து என் காலைப் பார்த்தாள். "ஏய், ஒன் காலுதாண்டி அது!" அதற்குப் பிறகு யாரும் மேடையைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பையை வீசினேன். "எதுக்கு என் வெரல அப்படியே வச்ச?" என்று அம்மாவிடம் கத்தினேன். பொம்மை என்ன பேசியது என்று கேட்டாள். சொன்னேன். கொழம்பையும் சொன்னேன்.

சாயங்காலம் சித்தப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "அண்ணி, கைத்தட்டு ஜாஸ்தி இன்னிக்கி. எல்லாம் ஒங்க காலாலதான்."

அம்மா பொம்மையை வாங்கி மடியில் போட்டாள். நார் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஒரு கால். இன்னொரு கால். பிறகு கைகள். உமி கொட்டியது.

"இன்னா அண்ணி பண்றீங்க? நாளைக்கு உளுந்தூர்பேட்டைக்குப் போவணும். பொம்மதான பேசுச்சி, நானா பேசுனேன்?"

அதுவரை அம்மா அவரை நீங்க என்றுதான் சொல்வாள்.

"பொம்ம பேசட்டும். வாயி உன்னுது. கையும் காலும் என் புள்ளையுது. எடுத்துக்கினு கெளம்பு."

தலையையும் உடம்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த நிகழ்ச்சியின் வீடியோ இன்னும் அவர் போனில் இருக்கிறது. கல்யாண வீடுகளில் போட்டுக் காட்டுகிறார். பார்த்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அன்று என் கோபம் அம்மா மேல். சோறு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தக் கட்டைகளை முறத்தில் வைத்து, உமியைத் துடைத்து, விரல் விரலாகத் தொட்டு எண்ணினாள். உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறாள் என நினைத்தேன். என் மகள் பிறந்து, அவளைக் கையில் வாங்கியதும் நானும் எண்ணினேன். அதுவரை எனக்கு விளங்கவில்லை.

அம்மா வாய்விட்டுத்தான் எண்ணினாள். கோணல் விரலையும் சேர்த்து.

இருபது.