கேட்டுவிட்டுத் தொட்டவர்

செய்தி வந்தபோது நான் பால்வாடியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். எஸ்.டி.டி. பூத் நாகராஜ் வாசலில் வந்து நின்றான். "ஸ்டெல்லாக்கா, பெங்களூர்ல இருந்து போன் வந்துச்சி. உங்க சுமித்ரா மேடம் தவறிட்டாங்களாம்" என்றான்.

"எப்போ?"

"ஞாயித்துக்கெழமையாம். எல்லாம் முடிச்சிட்டாங்களாம். உங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க."

அன்று வியாழக்கிழமை. கரண்டியைக் கீழே வைக்காமல் மீதி இருந்த பிள்ளைகளுக்கும் ஊற்றி முடித்தேன். வயிற்றில் கட்டி இருப்பது அவருக்கு ஒரு வருஷமாகத் தெரியுமாம். நம்மில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

நமது மாதர் சங்கம் அவருக்காக இந்த நினைவு மலரைப் போடுகிறது. அவரோடு வீடு வீடாக நடந்தவள் என்பதால் என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் ஏழாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் டீச்சர்மார் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் திருத்தாமல் அப்படியே போட வேண்டும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வீடு முழுக்கப் பொருளைச் சேர்த்துவைத்துக்கொண்டு, ஒன்றைக்கூட வெளியே போட முடியாமல் தவிக்கிறவர்கள் சில பேர் இருக்கிறார்கள். அது ஏன் என்று ஆராய்ச்சி செய்யத்தான் மேடம் பெங்களூரிலிருந்து நம் தங்கச் சுரங்க ஊருக்கு வந்தார். முதல் நாள் பாலகாட் பகுதியில் இருக்கிற என் பால்வாடிக்கு வந்தபோது, பிள்ளைகளின் எடையைப் பார்க்க வந்த அதிகாரி என்று நினைத்து, அவசரமாகத் தராசைத் துடைத்து வைத்தேன். அவர் கீழே பாயில் உட்கார்ந்து ஒரு தாளை என் கையில் கொடுத்தார். "உங்கள் வீட்டில் தேவையில்லாத பொருட்கள் எவ்வளவு?" என்று அதில் முதல் கேள்வி இருந்தது.

"இத்த கேட்டா கதவ சாத்திடுவாங்க மேடம்" என்றேன். "தேவையில்லைன்னு யார் சொன்னது? நீங்களே சொல்லிட்டு, எவ்ளோன்னு வேற கேக்கறீங்க."

கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டார். அவர் கன்னடக்காரர். தமிழைத் தட்டித் தடவித்தான் பேசுவார். "நீங்க எப்படி கேப்பீங்க ஸ்டெல்லா?"

"இன்னா இன்னா வெச்சிருக்கீங்க, எதுக்கு வெச்சிருக்கீங்கன்னு கேப்பேன்."

"ஔதா? அப்படியா? அப்படியே எழுதறேன்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். அடுத்த முறை வந்தபோது அச்சடித்த தாளில் முதல் கேள்வியாக என் வாக்கியம் இருந்தது. என் வாயிலிருந்து வந்ததை நான் அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மைன்ஸ் ஆட்கள் குடியிருக்கிற ஸ்கெலட்டன் லைனில் சவரியப்பன் மாமா வீட்டை அவருக்குக் காட்டியவள் நான்தான். நான் பிறந்தது அந்த லைன். மாமா என் அம்மா வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளிக் குடியிருந்தார். மைன்ஸில் அண்டர்கிரவுண்டில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கட்டுகிற வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அத்தை இறந்த பிறகு வீடு நிரம்ப ஆரம்பித்தது. வெடிமருந்து வந்த மரப்பெட்டிகள், கிழிந்த பூட்ஸ், சாக்கு, பேப்பர், சைக்கிள் டியூப், ஓட்டை டப்பா என்று கூரை வரைக்கும் ஏறிவிட்டது. உள்ளே போவதென்றால் உடம்பை ஒருக்களித்துத்தான் போக வேண்டும். நான்கு தடவை திருப்பி அனுப்பிவிட்டு ஐந்தாம் தடவைதான் எங்களை உள்ளே விட்டார்.

"எதுக்கு மாமா இவ்ளோ?" என்று கேட்டேன்.

"முப்பது வருசம் ஷிப்ட் முடிஞ்சி மேல வரும்போதெல்லாம் ரெண்டு கையும் தூக்கிகினு நின்னேன். வாட்ச்மேன் தடவிப் பாத்துட்டுதான் வுடுவான். ஒரு ஆணி எடுத்துகினு வர முடியுமா? இப்ப இது எல்லாம் என்னுது. எவன் தடவுவான், வரச் சொல்லு பாக்கலாம்."

மேடம் அன்றைக்கு நோட்டைத் திறக்கவே இல்லை. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "அவர் கையால கொடுக்காம நம்ம கை எதையும் எடுக்கக் கூடாது. தொடணும்னாலும் கேட்டுட்டு தொடணும். அவரைத் தடவினவங்க போதும்."

வேலை அப்படித்தான் நடந்தது. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் போவோம். மாமா ஒரு பொருளை எடுத்துக் கொடுப்பார். மேடம் அதற்கு நம்பர் போட்டு, என்ன, எங்கே கிடைத்தது, எதுக்கு என்று மூன்று கட்டத்தில் எழுதுவார். எழுதி முடித்ததும் திரும்பக் கொடுத்துவிடுவார். இரண்டு மாதம் கழித்து மாமாவே ஒரு சாக்கை வெளியே தள்ளி, "இது போவட்டும்" என்றார். பிறகு இன்னொன்று. மொத்தம் ஆறு சாக்கு வெளியே வந்தது.

ஆனால் நேரம் இல்லை. பக்கத்து வீட்டு ராணியின் கைப்பிள்ளையை எலி கடித்துவிட்டது. ராணியைக் குறை சொல்ல மாட்டேன். எந்தத் தாயும் கத்தத்தான் செய்வாள். ஈஸ்டருக்குள் வீடு காலியாகாவிட்டால் நாங்களே எல்லாவற்றையும் தூக்கி வெளியே போட்டுக் கொளுத்துவோம் என்று லைனில் பேசி முடிவு செய்துவிட்டார்கள். "அப்படிச் செஞ்சா அந்த மனுஷன் அதுக்கப்புறம் யாருக்கும் கதவு திறக்க மாட்டார்" என்று மேடம் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார். ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருந்தது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயடியில் நின்றேன். ராணியும் இன்னும் நான்கு பெண்களும் இருந்தார்கள்.

"இன்னாடி ஸ்டெல்லா, எங்க ஊட்டுக் குப்பையும் கொண்டாந்து தரட்டா? உங்க மேடம் பெங்களூருக்கு எழுதி அனுப்பட்டும்" என்றாள் ராணி. எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அச்சில் வந்த வாயல்லவா. "குப்பையா? ஒண்ணொண்ணா நம்பர் போட்டு எழுதறோம். பெட்டிக்கு அடியில ஒரு பால் டப்பாவுல மண்ணு வெச்சிருக்காரு. அதுக்குக்கூட நம்பர் இருக்குது, தெரியுமா?" என்றேன்.

வேறு ஊராக இருந்தால் மண் வெறும் மண்தான். நம் ஊரில் மைன்ஸில் வேலை பார்த்தவர் வீட்டில் டப்பாவில் மண் இருக்கிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், தங்கம். சொல்லி வாயை மூடுவதற்குள் குழாயடியில் சிரிப்பு நின்றுவிட்டது. செய்த தப்பு அப்போதே தெரிந்தது. ஆனாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன். மேடத்திடம் சொல்லவில்லை. அந்த டப்பாவைக் காட்டிய அன்று மாமா எதுக்கு என்று சொல்லவில்லை. மேடமும் மறுபடி கேட்காமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். அப்படிப்பட்டதை நான் குழாயடியில் போட்டு உடைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் மாமா வீட்டுக்குள் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். இருபது பேருக்கு மேல். முன்னால் ராணியின் புருஷன் முனிரத்தினம். மேடம் எழுந்து போய்க் கதவை அடைத்தாற்போல நின்றார்.

"வழிய வுடு மேடம். நாங்க ஊட்ட சுத்தம் பண்ண வந்துருக்கோம்."

"ஈஸ்டர் வரைக்கும்னு சொன்னீங்க அல்லவா?"

"அதெல்லாம் ஈஸ்டருக்கு. இப்ப அந்த டப்பாவ மட்டும் காட்டச் சொல்லு. மண்ணுதானே? வெறும் மண்ணுன்னா இன்னா பயம்?"

மேடம் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவரைக் கேளுங்க. கொடுத்தா கொடுப்பார், இல்லன்னா இல்ல. நீங்க உள்ள வரக் கூடாது" என்று மேடம் கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். யாரோ அவர் கையைத் தட்டிவிட்டார்கள். வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது. நான்கு பேர் உள்ளே போய்ப் பெட்டிகளைச் சரித்து டப்பாவைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். முனிரத்தினம் அதை ஒரு தட்டில் கொட்டி, குழாயடித் தண்ணீர் விட்டு, தட்டைச் சாய்த்துச் சாய்த்து அலசினான். அலசத் தெரியாதவர்கள் நம் ஊரில் யார்? எல்லாரும் தட்டையே பார்த்தோம். மண் கரைந்து வாய்க்காலில் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் நாலு கூழாங்கல்லும் ஒரு வேர்த் துண்டும் நின்றன. தங்கம் ஒரு பொட்டுகூட இல்லை.

மாமா வாசலில் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார். "தடவிக்கோங்கப்பா. ஒடம்புலயும் பாத்துக்கோங்க" என்றார்.

முனிரத்தினம் தட்டைக் கீழே வைத்துவிட்டான். ஒவ்வொருத்தராக நழுவிப் போனார்கள். ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வெட்கத்தில் அதற்குப் பிறகு லைனில் யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. வீடு பழையபடி நிரம்பியது.

பெங்களூரிலிருந்து மேடத்தின் பெரிய அதிகாரி வந்து பால்வாடியிலேயே விசாரித்தார். வெளியே சொன்னது யார் என்று கேட்டார். நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேடம், "என் வேலையில் நடந்த தப்பு. என் பேரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அத்தோடு நம் ஊரில் அந்த ஆராய்ச்சி நின்றது. அவருக்கு யார் என்று தெரியும். ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்காததால் நான் சொல்லவில்லை. அதன் பிறகு நான் ஸ்கெலட்டன் லைனில் கால் வைப்பதையும் விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் ஓடியது. மைன்ஸையும் மூடிவிட்டார்கள். மேடம் இறந்த செய்தி வந்த அன்று சாயங்காலம், மாமாவுக்காவது சொல்ல வேண்டும் என்று போனேன். கதவு சாத்தியிருந்தது. வெளியிலிருந்தே சொன்னேன்.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "எந்த மேடம்? என் டப்பாவ பத்தி ஊரெல்லாம் சொன்னாளே, அவளா?"

"அவங்கதான் சொன்னாங்கன்னு உனக்கு யார் மாமா சொன்னது?"

"அதுவேதான் சொல்லிச்சி. மறுவாரமே வந்து, நான்தான் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு இந்தப் படியில உக்காந்துச்சி. மாசா மாசம் வந்து உக்காரும். நான் கதவ தொறக்கல."

 இந்த லைனில் நான் பிறந்தவள், நாளைக்கும் இங்கே வந்து போக வேண்டியவள், தான் பெங்களூருக்குப் போய்விடுகிறவள் என்று நினைத்துத்தான் மேடம் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டிருப்பார். பக்கத்துக் கதவில் ராணி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உண்மை தெரியும்.

"மாமா, அவங்க சொல்லல. குழாயடியில நான்தான் சொன்னேன்" என்றேன்.

 பிறகு உள்ளே ஏதோ பெட்டியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. கதவுக்கு மிகக் கிட்டத்தில் அவர் குரல் வந்தது.

"போன வெயில்ல வந்துச்சி. தண்ணி கேட்டுச்சி ஸ்டெல்லா. நான் ஒரு சொம்பு தண்ணி குடுக்கல."

கதவு திறக்கவில்லை. அடுத்த நாளும் திறக்கவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் இல்லை.

மேடத்துடைய நோட்டு, பேனா என்று பெங்களூரிலிருந்து எதுவும் எனக்கு வரவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் இரண்டு வருஷம் எனக்காகச் சுமந்த பழி ஒன்று இருந்தது. அது என்னுடையது. இனி நானே வைத்துக்கொள்கிறேன். செவ்வாய், வெள்ளி மத்தியானம் பால்வாடி முடிந்ததும் சவரி மாமா படியில் உட்கார்ந்திருப்பேன். என்னைத் தேடுகிறவர்கள் அங்கே வாருங்கள்.