மருந்துக்குப் பிறகு ஒரு டம்ளர்

நான் வேலை விட்டு வீட்டுக்கு வரும் நேரத்தில் கோத்தகிரிப் பக்கத்து அரவேணுவில் பனிமூட்டம் இறங்கிவிடும். கட்டபெட்டுப் பக்கம் ஒரு டீ பேக்டரியில் எனக்கு ஆபீஸ் வேலை. நாள் முழுக்கத் தேயிலை வாசனையில் இருந்துவிட்டு வருவதால் வீட்டில் காபிதான் குடிப்பேன். என் வீட்டுக்காரரும் காபிதான். ஆளுக்கொரு டம்ளர், நடுவில் ஒரு தட்டு மொறுமொறு வர்க்கி பிஸ்கட். எங்கள் மகளுக்கு மட்டும் பால். அவளுக்கு அப்போது நான்கு வயது. பால் டம்ளரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "எனக்கும் காப்பி" என்று தினமும் அழுகை. அவர் என் கண்ணில் படாமல் தன் டம்ளரில் வர்க்கியைத் தோய்த்து அவள் வாயில் வைப்பார். நான் பார்த்துவிட்டுத் திட்டுவேன். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அவள் வெளுக்க ஆரம்பித்தாள். உதடு வெளுத்தது. பால்வாடியில் விளையாடாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். கோத்தகிரியில் குழந்தை டாக்டரிடம் காட்டினோம். ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து சிரப் எழுதிக் கொடுத்தார். அதற்கும் ஏறவில்லை என்றால் கோயம்புத்தூருக்குப் போய் வேறு சோதனைகள் செய்ய வேண்டும் என்றார். என்ன சோதனை என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. கிளம்பும்போது, "டீ, காபி குடுக்காதீங்க" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. தூக்கம் கெட்டுவிடும் என்பதற்காகத்தான் இருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

அந்த சிரப்பை நீங்கள் ருசித்துப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போல இருக்கும். ஒரு ஸ்பூன் உள்ளே போவதற்குள் வீடே ரணகளம் ஆகும். பாதி அவள் வாயில், மீதி என் சேலையில்.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா வந்தார். அவரை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷி. ஆனால் எதற்கும் அவரிடம் ஒரு டப்பா இருக்கும். இந்த முறை கொண்டுவந்தது காஃபின் எடுத்த காபித்தூள்.

"இதுல தூக்கத்தக் கெடுக்கறது எதுவும் இல்லீங்கறேன். எங்க பக்கத்து ஊட்டுக்காரங்க குழந்தைக்கு இதத்தான் குடுக்கறாங்க" என்றார்.

பக்கத்து லைனில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கும் அக்கா அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் இங்கே வந்தவர், இன்றும் கூலிக்குக் கொழுந்து எடுக்கிறார். டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார்.

"இருக்கிறத எடுத்துப்புட்டு விக்கிறானா? காசுல மட்டும் எதையும் எடுக்காம முழுசா வாங்கிக்கிறானாக்கும்" என்றார். "இந்தப் பாரு தங்கச்சி, எங்களுக்கெல்லாம் பல்லு மொளைக்கிறதுக்கு முந்தியே தேத்தண்ணிதான். செத்தா போயிட்டோம்?"

எனக்கு அந்தத் தூள் பிடிக்கவில்லை. ஆனால் நங்கையா ஒரு சின்ன டம்ளரில் கலந்து, "சாமி, மொதல்ல மருந்து, அப்புறம் உங்க காப்பி" என்றதும், என் மகள் வாயை ஆவென்று திறந்தாள். சிரப் இறங்கியது. உடனே காபியைக் குடித்தாள். நுரை மீசை வைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியா, ஒரு சொட்டு சிந்தல" என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்கு மேல் நான் என்ன சொல்வது? மருந்து உள்ளே போகிறது, குழந்தை அழவில்லை, இரவு நன்றாகத் தூங்குகிறாள். பாட்டில் பாட்டிலாக அப்படித்தான் கொடுத்தோம். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

மறுபடியும் ரத்தம் பார்த்தபோது ஏறவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருந்து ஒழுங்கா குடுத்தீங்களா?"

"ஒரு நாள் விடலீங்க."

"குடிச்சதும் என்ன குடுப்பீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் சொல்லிவிட்டாள். "காப்பி. என்னோட சொந்த காப்பி."

டாக்டர் என்னைப் பார்த்தார். அது சாதாரணக் காபி இல்லை, காஃபின் எடுத்தது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எடுத்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்குங்க. என்னைக்காவது ஒரு வாய் குடிச்சா பெரிய ஆபத்து இல்ல. ஆனா இந்த வயசுல தினமும் தேவையே இல்ல. இப்ப பிரச்சனை காஃபினும் இல்ல. காபியிலயும் டீயிலயும் வேற சில பொருள் இருக்கு. அது இரும்புச்சத்தை உடம்புல சேர விடாது. காஃபினை எடுத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். மருந்தைக் குடுத்துட்டு உடனே அதைக் குடுத்தா எப்படி ஏறும்?"

எனக்குக் கோபம் வந்தது. "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லைங்க."

"டீ, காபி வேண்டாம்னு சொன்னேனே."

"ஏன்னு சொல்லலீங்க. ஏன்னு தெரிஞ்சா நான் அந்த டப்பாவத் தொட்டிருப்பேனா?"

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நீங்க சொல்றது சரிதான்" என்றார். பிறகு நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். மருந்தோடு பாலும் வேண்டாம், புளிப்பாக எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொடுக்கலாம், சாப்பாட்டை ஒட்டி டீ காபி கூடவே கூடாது. இன்னும் கொஞ்ச காலம் பார்ப்போம், அப்போதும் ஏறாவிட்டால் கோயம்புத்தூர்தான் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். "மருந்தக் காலைல குடுத்துட்டு, காப்பிய சாயங்காலம் குடுத்தா?"

"ஏனுங்க, அவளுக்குக் காப்பி எதுக்குங்க? நமக்கு அவ அழுகையக் கேக்க முடியல. அதுக்குத்தான் குடுத்தோம்" என்றேன்.

பக்கத்து லைன் அக்கா வந்து சிரித்துக்கொண்டே பழைய பாட்டையே பாடினார். தேத்தண்ணி குடித்துச் செத்தா போனோம் என்று. எனக்கிருந்த எரிச்சலில் பட்டென்று கேட்டுவிட்டேன். "சாகல, சரி. பிரசவத்துக்கு எத்தனை பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க உங்களுக்கு?"

அக்கா சிரிப்பை நிறுத்தினார். "மூத்தவளுக்கு ரெண்டு" என்றார். "லைன்ல எல்லாத்துக்கும் ஏத்துவாங்க தங்கச்சி. அப்புடித்தான்னு இருந்துட்டோம்." தேயிலை மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. வயிற்றுக்குச் சரியாகக் கிடைக்காததும் ஒரு காரணம் என்று அவருக்கே தெரியும். ஆனால் அன்றிலிருந்து என் மகள் அவர் வீட்டுக்குப் போனால் வெறும் வெந்நீர்தான் கொடுத்தார்.

குழந்தைக்கு மட்டும் இல்லை என்றால் அவள் விடமாட்டாள். அதனால் சாயங்காலம் வீட்டில் யாருக்கும் காபி இல்லை என்று சொல்லிவிட்டேன். வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து நாட்டுச்சர்க்கரை போட்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர். மருந்துக்குப் பிறகு அதுதான். முதல் நாள் அதில் வர்க்கியைத் தோய்த்துத் தின்று பார்த்தாள்.

"நல்லா இல்ல" என்றாள்.

"எனக்கும்தான்" என்றேன். இரண்டு பேரும் வர்க்கியை வெறுமனே கடித்தோம்.

அடுத்த முறை ரத்தம் ஏறியிருந்தது. நிறைய இல்லை, ஆனால் டாக்டர் சிரிக்கும் அளவுக்கு. கோயம்புத்தூர் வேண்டாம், மருந்தைத் தொடருங்கள் என்றார். நான் சும்மா தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அரவேணுவில் பஸ்ஸை விட்டு இறங்கி வர்க்கி வாங்க பேக்கரிக்குப் போனோம். உள்ளே என் வீட்டுக்காரர் கையில் காபியோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் டம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அப்பா, தனியா குடிக்கிறீங்களா?" என்றாள் மகள்.

"ரத்தம்?" என்றார் அவர் என்னிடம்.

"ஏறியிருக்கு. சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க" என்றேன்.

அவர் குனிந்து டம்ளரை அவளுக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டார். அவள் எக்கி நின்று மூக்கை மட்டும் நீட்டினாள். "மோந்து மட்டும் பாத்துக்கறேன்" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தால் இரும்புச்சத்து ஒன்றும் குறையப் போவதில்லை. சரி என்றேன்.