ஐந்தருவியில் உடைந்த டகோட்டா

அதைப் பொம்மை என்று சொன்ன ஒருவரையும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பொம்மை என்றால் கடையில் வாங்கி, தரையில் ஓடவிட்டு, சக்கரம் கழன்றதும் பரணில் தூக்கிப் போடுவது. என்னிடம் இருந்தது டகோட்டா. இரண்டு இஞ்சின் வைத்த பழைய காலத்துப் போக்குவரத்து விமானத்தின் சின்ன உருவம். இறக்கையை அளந்தால் என் முழங்கையை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஆனால் அதன் சன்னல் ஒவ்வொன்றையும் ஊசி முனையால் எடுத்து வைத்து ஒட்டியவள் நான்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில் மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், எல்லோருக்கும் சோப்பும் சென்ட்டும் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் தட்டையான ஒரு பெட்டியைத் தந்தார். மூடியில் மேகத்துக்கு மேலே பறக்கும் விமானப் படம். திறந்தால் உள்ளே விமானமே இல்லை. சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள், சட்டத்தைச் சுற்றிக் காம்பில் காய் தொங்குவது மாதிரி நூற்றுக்கணக்கில் துண்டுகள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏட்டி, இது முழுசா வராது. நாமதான் செய்யணும்" என்றார் மாமா.

செய்தோம். மாடி அறையில் சன்னலோரம் மேசையைப் போட்டுக்கொண்டு, மாமாவின் போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் பேசும் வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்தோம். துண்டுகளைச் சட்டத்திலிருந்து நகவெட்டியால் நறுக்கி, காம்பு இருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்ப்போம். உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டியபோது நடுவில் ஒரு கோடு விழுந்தது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மாமா விடவில்லை. பசையில் முகப்பவுடரைக் குழைத்துப் பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். கோடு இல்லை. அதன் பிறகு எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. விமானிகள் உட்காரும் இருக்கைக்கு சாக்லேட் தாளை நறுக்கி பெல்ட் வைத்தேன். மூடியை ஒட்டிவிட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, அது அங்கே இருக்கிறது! முதுகின் மேலே ஓடும் வானொலிக் கம்பிக்கு நூல் தடிமனாக இருந்ததால் என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி இழுத்துக் கட்டினோம். பெட்டியில் வந்த சின்னங்கள் வேறு ஏதோ நாட்டுடையவை. அவை வேண்டாம், நம் நாட்டு விமானப்படைச் சின்னம்தான் வேண்டும் என்று நான் அடம்பிடித்ததால், அட்டையில் காம்பசால் வட்டம் வெட்டி, அதை வைத்து இறக்கையில் காவி, வெள்ளை, பச்சை வளையங்களை நானே வரைந்தேன். ஒரு வளையத்துக்கு ஒரு முழு நாள் ஆனது.

அதற்குள் ஆனி மாதம் வந்து சாரல் தொடங்கிவிட்டது. பெயிண்ட் காயவே காயாது. தொட்டால் விரல்ரேகை பதியும். மாமா ஒரு குண்டு பல்பை இறக்கிக் கட்டி, அதன் சூட்டில் விமானத்தைத் திருப்பித் திருப்பி வைப்பார். தோசை வார்க்கிறாற்போல இருக்கிறது என்று அம்மா சிரிப்பாள். ஆனால் மாமா கீழே இறங்குவதே குறைந்துபோனது. தெருவில் யாராவது பார்த்தால், "என்ன தம்பி, எப்பம் திரும்பப் போற?" என்று கேட்பார்கள். "விசா வரணும் அண்ணாச்சி" என்பார் மாமா. விசா மெதுவாக வரட்டும், டகோட்டா முடிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

முடிந்தது. முடிந்த வாரமே பெரியப்பா குடும்பம் வந்து இறங்கியது.

சீசன் வந்தால் எங்கள் வீடு லாட்ஜ் ஆகிவிடும். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்களே இல்லாமல் போவதில்லை. பெரியப்பா சென்னையில் பாத்திர மொத்த வியாபாரி. பெரிய காரில் வருவார். அவர் வந்தால் அப்பா நாற்காலியில் உட்காரமாட்டார். பெரியம்மாவுக்கு எங்கள் வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, ஈரத்துணி வாடை ஒத்துக்கொள்ளாது. அவர்கள் மகனுக்கு எட்டு வயது. அவனுக்கு எல்லாம் ஒத்துக்கொள்ளும். பார்த்ததெல்லாம் வேண்டும்.

வந்த அரைமணி நேரத்தில் மாடிக்குப் போய்விட்டான். நான் ஓடிப்போய் விமானத்தைப் பீரோ மேலே ஏற்றி வைத்தேன். அவன் தரையில் படுத்துக் கத்தத் தொடங்கினான்.

"ஒரு பொம்மைக்குப் போய் பிள்ளைய இப்படி அழ வைக்கிறதா?" என்றார் பெரியப்பா.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஏரோப்ளேன்?" என்று பெரியம்மா நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"அது பொம்மை இல்ல, நானும் மாமாவும் செஞ்சது" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். நான் அசையவில்லை. மாமா இருக்கிறார், அவர் விடமாட்டார் என்ற தைரியம்.

மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஏறினார். கம்பியில் கை படாமல், நாங்கள் எடுக்கிற விதமாகவே, விமானத்தை அதன் அடிவயிற்றில் ஏந்தி எடுத்தார். குனிந்து அந்தப் பயல் கையில் வைத்தார்.

"வச்சுக்கிடுங்க தம்பி. பத்திரமா வச்சுக்கிடுங்க" என்றார்.

எட்டு வயசுப் பயலுக்கு 'ங்க'! என்னை 'ஏட்டி' என்று கூப்பிடுகிறவர், மூக்கொழுகுகிற அவனுக்கு மரியாதை கொடுத்துப் பேசுகிறார். எனக்கு விமானம் போனதைவிட அதுதான் எரிந்தது.

மறுநாள் காலையில் எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். பெரியப்பா எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தார். அவருடைய வாட்சையும் சட்டையையும் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு மாமா பக்கத்திலேயே நின்றார். நாங்கள் பெண்கள் பக்கம் போனோம். பையனையும் பெரியம்மா கூட்டி வந்தாள். அவன் துண்டுக்குள் எதையோ ஒளித்து வைத்திருந்தான்.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு திரும்பியபோது, அவன் பாறை ஓரத்தில் நின்று டகோட்டாவை விழுகிற தண்ணீருக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தான்.

"பறக்குதான்னு பாக்கப்போறேன்!"

கத்தினேன். அருவி இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. தண்ணீர் வாலை முதலில் எடுத்தது. பிறகு ஒரு இறக்கை. வளையம் வரைந்த அந்த இறக்கை நுரையில் ஒருமுறை புரண்டு, குளிக்கிறவர்களின் கால்களுக்கிடையே போயே போய்விட்டது. பையன் சிரித்தான். மிச்சம் இருந்ததையும் போட்டான்.

ஓடிப்போய்க் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன்.

அதற்கப்புறம் நடந்தது பஞ்சாயத்து. சிப்ஸ் கடை வாசலில், ஈரத்துணியோடு, ஊர் பார்க்க. பெரியம்மா மகன் கன்னத்தைத் தடவித் தடவி எல்லோருக்கும் காட்டினாள். "என்ன வளப்பு வளத்து வச்சிருக்கே?" என்று பெரியப்பா அப்பாவிடம் கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா என் தலையில் துண்டைப் போட்டாள். துவட்டுவதற்கா, முகத்தை மறைப்பதற்கா, தெரியவில்லை.

மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பிட்ட ஸாரி கேளு."

"நான் எதுக்குக் கேக்கணும்? அவன்தான் ஒடச்சான்."

"கேளுட்டி."

"கேக்கமாட்டேன். ஒடச்சது அவன். எடுத்துக் குடுத்தது நீ!"

அதுவரை 'நீங்க' என்றே பேசிவந்தவரை அன்றுதான் 'நீ' என்றேன். அவர் அடிக்கவில்லை. திட்டவுமில்லை. பிடி மட்டும் இறுகியது. "மாமாவுக்காகக் கேளு. அத்தான் பாத்துக்கிட்டு நிக்காக" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். அத்தான் என்றது பெரியப்பாவை.

பெரியப்பா பார்த்தால் எனக்கு என்ன? ஆனாலும் கை வலித்தது. அவன் காலைப் பார்த்து "ஸாரி" என்றேன். அவன் நேந்திரங்காய் சிப்ஸைக் கடித்துக்கொண்டே தலையாட்டினான். "சரி விடு, சின்னப் பிள்ளைக" என்று பெரியப்பா பெருந்தன்மையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது, இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. விமானம் உடைந்ததற்கு ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது எப்படிச் செய்யப்பட்டது என்று அங்கே என்னைத் தவிர ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவரே என் கையைப் பிடித்து முறுக்கி மன்னிப்புக் கேட்க வைத்தார்.

நான் மாமாவோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் மாடிக்கு வந்தால் நான் கீழே போனேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்றேன்.

பெரியப்பா குடும்பம் ஊருக்குக் கிளம்பிய காலையில் மாமாவும் கிளம்பினார். யாரும் எனக்கு எதற்கென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, கையில் சர்ட்டிபிகேட் வைத்த பிளாஸ்டிக் உறை. பெரியப்பாவின் பெட்டிகளையும் மங்குஸ்தான் கூடையையும் அவரே தூக்கிக் காரில் ஏற்றினார். அம்மா அவருக்குத் திருநீறு பூசிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாரேன்ட்டி" என்று அவர் சன்னலைப் பார்த்துச் சொன்னார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன்.

மாமா வேலை பார்த்த கம்பெனி அவர் ஊருக்கு வருவதற்கு முன்பே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டது என்பதும், எந்த விசாவும் வரவேண்டியிருக்கவில்லை என்பதும் அன்று எனக்குத் தெரியாது. பெரியப்பாவின் பாத்திரக் கிடங்கில் மாமாவுக்கு ஒரு வேலை போட்டுத் தர முடியுமா என்று அம்மா போனில் கேட்டிருந்ததும், வந்து பார்த்துச் சொல்கிறேன் என்று பெரியப்பா சொல்லியிருந்ததும் தெரியாது. அந்தச் சில நாட்களில் அந்த வீட்டில் எல்லோரும் எதைப் பார்த்துப் பயந்து நின்றார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

காரில் முன்னால் பெரியப்பா. பின்னால் பெரியம்மா, கால் நீட்டிப் படுத்த பையன், அவனுக்குப் பக்கத்தில் கதவோடு ஒட்டி ஒடுங்கி மாமா. அவர் மடியில் அவர்கள் வீட்டு ஈரத்துணிப் பை. தண்ணீர் சொட்டி, இஸ்திரி போட்ட அவர் பேண்ட் நனைந்துகொண்டிருந்தது. அவர் அதை நகர்த்தக்கூட இல்லை.

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டு திரையை இழுத்து மூடினேன்.