தேசாதிபதிக்கு வைத்த பூ

ஹனோவரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் வாசல் சுவரில், வெண்கலத்தில் ஒரு தாடிக்காரரின் முகமும் மார்பும் இருந்தன. நெஞ்சில் சிலுவை. யாரோ புனிதராக்கும் என்று நினைத்தேன். நாங்கள் சைவர்கள்தான், ஆனால் ஊரில் சந்தி அந்தோனியாரைக் கும்பிடாமல் பஸ் ஏறியதில்லை. அந்தப் பழக்கத்தில் வெள்ளிக்கிழமைகளில் இவருக்கும் பூ வைத்தேன். விசா, முழங்கால் வலி, மகளின் பரீட்சை, எல்லாவற்றையும் இவரிடம்தான் முறையிட்டேன். கவலைக்கு எனக்கு எந்த நாளும் பஞ்சமில்லை.

வீட்டுச் சொந்தக்காரரான கிழவர் அதைப் பார்த்து, "மிக அழகு, மிக அழகு" என்று தொப்பியைத் தூக்குவார்.

டிரெஸ்டனில் வரலாறு படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஆருக்குப் பூ வைக்கிறீங்கள்?"

"புனிதருக்குப் பிள்ளை. சிலுவை தெரியேல்லையே?"

"ஐயோ அம்மா, அது பதக்கம்! ஆள் ஆமிக்காரன். பிறகு ஆபிரிக்காவில கவர்னர்."

நாங்கள் தேசாதிபதி என்போமே, அது. இளம் அதிகாரியாகக் கப்பலில் போனவர். சனம் எதிர்த்து எழும்பியபோது தினை வயல்களையும் தானியக் குதிர்களையும் எரித்தார். சனம் பசியில் செத்தது. அதற்குச் சம்பளமாகத்தான் அந்தப் பதவி. பிறகு திரும்பி வந்து, இந்த வீட்டில் ரோசாச் செடி வளர்த்து, மெத்தையில் படுத்துச் செத்தாராம்.

என் பள்ளிக்கூடம் யுத்தத்து இடப்பெயர்வோடு முடிந்துபோனது. ஆனால் எரிந்த வயல் எப்படி மணக்கும் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அறுத்துக் குவித்த எங்கள் நெற்சூட்டைக் கொளுத்தியவனுக்கும் எங்கேயோ பதக்கம் கிடைத்திருக்கும். அவனை நான் பிடிக்க ஏலாது. இவர் வாசலிலேயே இருக்கிறார்.

அந்தச் சிலை நகரசபை வைத்ததாம். அதைக் கழற்றுவதா என்று கேட்க, நகரசபை தெருச் சனத்தைக் கூட்டத்துக்கு அழைத்தது. வாய் திறந்தால் கிழவர் வீட்டை விட்டு எழுப்பிவிடுவாரோ? இந்த ஊரில் வேறு வீடு யார் தருவார்?

"பேசாமல் இருங்கோ அம்மா, நான் கதைக்கிறன்," என்றாள் மகள்.

கிழவர் முந்திக்கொண்டார். என்னைக் கை காட்டி, "வெளிநாட்டுக்காரியான இந்த அம்மாவே வாரந்தோறும் அவருக்குப் பூ வைக்கிறார். உங்களுக்கு மட்டும் என்ன வெறுப்பு?" என்றார்.

என் பூவைத் தூக்கி அந்தச் சிலைக்காரனுக்குச் சாட்சி வைத்தார். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. எழும்பினேன். எனக்குத் தெரிந்த உடைந்த ஜெர்மனில் சொன்னேன்: "நான் இவரைக் கடவுளின் ஆள் என்று நினைத்தேன். இவன் சோற்றை எரித்தவன். என் பூவைத் திருப்பித் தாருங்கள்."

யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. கிழவரின் காது இரண்டும் சிவந்ததை ஆசை தீரப் பார்த்தேன்.

கழற்றுவதற்கே அதிகம் கைகள் உயர்ந்தன. இப்போது கிழவர் படியில் கண்டாலும் முகம் கொடுப்பதில்லை. வீட்டைக் காலி பண்ணச் சொல்லி அவரிடமிருந்து கடிதம் வருமோ என்று தபால்பெட்டியை நாளுக்கு மூன்று தரம் திறந்து பார்க்கிறேன்.

கழற்ற வந்தவர்கள் சிலையை வண்டியில் மல்லாத்தி வைத்தார்கள். இவனுக்கு இனி வானம் எதற்கு?

"முகம் கீழே," என்றேன்.

ஏனென்று கேளாமல் புரட்டிப் போட்டார்கள். வண்டி கல்லுத் தெருவில் குலுங்கிக் குலுங்கிப் போனது. மூக்கு இடிபட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. நின்று கேட்டேன்.