காந்தாரிக்கு நான் சொன்ன பதில்

ஈரக் களிமண்ணின் மேல் சுண்ணாம்பு பூசினால் எழும் நெடி பட்டால் இன்றும் நான் அங்கே நிற்கமாட்டேன். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக்கோடித் திரௌபதியம்மன் கோயில் திடலில், பாரதத் திருவிழாவின் கடைசி நாள் காலையில், துரியோதனனைப் பனைமர நீளத்துக்கு மண்ணால் செய்து மல்லாத்திப் போட்டிருப்பார்கள். அதற்குப் பெயர் "படுகளம்". அவன் தலைமாட்டில் காந்தாரி வேடம் கட்டி, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி பாடுகிறவர் என் பெரியப்பா.

மற்ற மாதங்களில் தறியில் பட்டு நெய்கிறவர், சித்திரை பிறந்துவிட்டால் வீடு தங்கமாட்டார். பதினாறு வயதில் ஜால்ரா தட்டப் போய், பிறகு ஆர்மோனியம், பிறகு பாட்டு என்று அறுபது வருஷம் பாடியவரை, மாகறலிலிருந்து தென்னேரி வரைக்கும் கூப்பிடாத ஊரில்லை. இனிமையான குரலெல்லாம் கிடையாது, கரகரப்புதான். ஆனால் கல்நெஞ்சக்காரனையும் அழவைத்துவிடும். அழுதுகொண்டே காந்தாரி கூட்டத்தைத் துடைப்பத்தால் அடிப்பாள். அந்த அடி பட்டால் பீடை விலகும், நோய் அண்டாது என்று பெண்களும் பிள்ளைகளுமாக முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், பெரியப்பாவின் ஒரே மகள் கோமளா, என் வயதுக்காரி, ஜுரத்தில் கிடந்தாள். "காப்பு" கட்டிக்கொண்டவர் விழா முடியும்வரை தன் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது என்பதால் பெரியப்பா கோயிலிலேயே தங்கியிருந்தார். படுகளத்தன்று பொழுது விடிந்த சற்று நேரத்தில் கோமளா போய்விட்டாள்.

தெருவில் பிணம் கிடந்தால் விழா நடக்கக் கூடாது. திடலிலோ பத்து ஊர் ஜனம் கூடிவிட்டது. பெரிய மனிதர்கள் என்று சொல்லிக்கொண்ட ஐந்தாறு பேர் வந்து பெரியப்பா வீட்டுக் கதவைச் சாத்தினார்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். "படுகளம் முடியட்டும் அண்ணி, அப்பால வாய்வுட்டு அழுவலாம்" என்றார். பெரியம்மா வாயில் துண்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். மண் பொம்மைக்காக ஊரே அழலாமாம், பெற்றவள் அழக் கூடாதாம்! நான் வரிசையில் இல்லாவிட்டால் பெரியப்பாவுக்குச் சந்தேகம் வரும் என்று என்னையும் திடலுக்கு இழுத்துப் போனார்கள். "வாயத் தொறந்தே, தோலை உரிச்சிடுவேன்" என்றார் அப்பா.

"பெத்த வயிறு எரியுதடா, எழுந்து ஒரு சொல் சொல்லடா" என்று பாடிக்கொண்டே வந்து துடைப்பத்தை ஓங்கிய பெரியப்பா, என்னைக் கண்டதும் குனிந்தார். "கொயந்தைக்கு ஜொரம் வுட்டுச்சாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

அரிதாரம் பூசிய அந்த முகம் மலர்ந்துவிட்டது. என் முதுகில் வலிக்காமல் தட்டிவிட்டு, முன்னைவிட உரக்கப் பாடினார். "இந்த வருசம் மாதிரி எந்த வருசமும் பாடலபா" என்று அப்பாவிடம் ஒருவர் சொன்னார். அவரும் கதவைச் சாத்தியவர்களில் ஒருவர்தான்.

அடுத்த சித்திரையில் பெரியப்பா பாடமாட்டார் என்று நினைத்தேன். பாடினார். என் அப்பாவோடு மட்டும், அவர் சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

சென்ற மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரியப்பாவுக்குப் பாராட்டு விழா நடந்தது. பேசவந்த ஒருவர், "பெற்ற மகள் இறந்த சேதி தெரிந்தும் அம்மனுக்காகப் பாடிய மகா கலைஞர்" என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் கூடிச் செய்த அயோக்கியத்தனத்தை அவருடைய பக்தியாக மாற்றி, அதற்கு ஒரு பொன்னாடையும் போர்த்துகிறார்கள்! மேடையேறி மைக்கைப் பிடுங்கி, "அவருக்குத் தெரியாது, எல்லாரும் சேர்ந்து மறைச்சாங்க" என்று கத்தினேன். யாரோ மைக்கை அணைத்துவிட்டார்கள்.

பெரியப்பா என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"வுடுமா. அன்னிக்கிக் கதவச் சாத்தனவங்க ஒருத்தரும் இப்ப உசுரோட இல்ல. ஒங்கப்பனும் பூட்டான். நான் போயி யாரைக் கேக்கறது?"

நான் இருக்கிறேனே பெரியப்பா, என்னைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். மைக்கில் அத்தனை கத்திய எனக்கு, அதைச் சொல்ல வாய் வரவில்லை.